தெற்குச் சுவரைப் பிரித்த குளிர்காலம்

பாபகூராவில் எங்கள் வீட்டை நாங்கள் முதலில் பார்த்தது ஒரு ஜனவரி மாதம். நல்ல வெயில். வீட்டை விற்க வந்த முகவர் எல்லா யன்னல்களையும் திறந்து வைத்திருந்தார். மூலைக் காணி. வாசல் கிழக்குப் பார்த்திருந்தது. படுக்கையறைகள் இரண்டும் தெற்குப் பக்கம், பக்கத் தெருவை ஒட்டி. என் கணவர் அந்த அறை யன்னலில் கைவைத்து நின்று, "சோளகம் நல்லா அடிக்கும், ஃபேனே தேவைப்படாது" என்றார்.

யாழ்ப்பாணத்தில், சோளகம் என்கிற தென்காற்றுக்காக வீடு பார்க்கிற எவரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். பூமியின் தென்கோடியிலுள்ள இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்பதும், தெற்கிலிருந்து வருகிற காற்று பனிக்கடலைக் கடந்து வருகிறது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாததல்ல. அவர் ஊரில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவர். ஆனாலும் வீடு வாங்குகிற சந்தோசத்தில் அது எங்கள் இருவருடைய மண்டையிலும் ஏறவில்லை.

மே மாதம், குளிர் தொடங்கியதும் ஏறியது. காலையில் எழும்பினால் யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் தண்ணீர் வழிந்து கட்டையில் தேங்கியிருக்கும். துணியால் ஒற்றிப் பிழிந்தால் அரை வாளி வரும். தெற்குச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. பிளீச் போட்டுத் துடைத்தேன். இரண்டு கிழமையில் திரும்பி வந்தன. அலுமாரியில் வைத்திருந்த என் கல்யாணக் கூறைச் சேலையின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. காஸ் ஹீட்டர் ஒன்று வாங்கி அறைக்குள் வைத்தோம். சூடு வந்த மாதிரி இருந்தது, ஆனால் காஸ் எரிகிற ஈரமும் சேர்ந்து சுவரில் தண்ணீர் முன்னையைவிட அதிகமாக வடிந்தது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்த அறையில், அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டிலில்தான் படுப்பாள். ஜூனில் தொடங்கிய இருமல் ஒக்ரோபரில்தான் விட்டது. எங்கள் டாக்டரம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி எனக்கு விசித்திரமாயிருந்தது. "பிள்ளை வீட்டின் எந்தப் பக்கத்தில் படுக்கிறாள்?" என்று கேட்டார். நான் சொன்னதும், "இந்த நகரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை, அவர்களுடைய வீட்டுக்குத்தான் பார்க்கிறேன்" என்று சலித்துக்கொண்டார்.

என் கணவருக்குப் புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் இடமொன்றில் வேலை. விடியுமுன் போய்க் குளிர்ந்த தண்ணீரில் கரட் கழுவி, தரம் பிரித்து, பையில் போட வேண்டும். கணித ஆசிரியரின் விரல்கள் வெடித்துப் போயிருந்தன. அந்த வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை எல்லாம் வீட்டைப் பற்றித்தான்.

"இது வீடில்ல. பலகையால அடிச்ச கோழிக்கூடு" என்பார்.

வேலைக்குப் போகும் வழியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளை அவர் தினமும் பார்த்தார். பலகை தெரியாமல், வழுவழுவென்று பூசி, பால் நிறம் அடித்த வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். காரைவிட்டு இறங்கி, கட்டி முடியாத ஒரு வீட்டின் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"பாத்தீரே, அசல் கல்வீடு மாதிரி."

பழைய பலகைச் சுவரின் மேலேயே தகடு போன்ற சீட்டுகளை அடித்து, அதன்மேல் பூசிவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். விளம்பரத் தாள்களைச் சேர்த்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தார். பழியை அவர் தலையில் மட்டும் போட மாட்டேன். எனக்கும் அந்தப் பால் நிறம் பிடித்திருந்தது. அப்படியொரு வீட்டின் முன்னால் நின்று எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினால் எப்படியிருக்கும் என்று நானும் நினைத்துப் பார்த்தேன்.

அந்த நாட்களில் பாபகூரா கடைத்தெருவில், உடுப்புத் திருத்தித் தைக்கிற ஒரு கடையில் நான் வேலை செய்தேன். ஒருநாள் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் ஸிப் பிய்ந்த வேலை அங்கியைக் கொண்டு வந்தார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்து, "தமிழாம்மா?" என்று கேட்டார். மலேசியக்காரர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தச்சு வேலை பழகி, இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறதாம். வீடு நகரத்தின் மறுகோடியில், நியூ லின்னில். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே தன் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார்.

வந்தவர் முதலில் வீட்டை இரண்டு தரம் சுற்றினார். தெற்குச் சுவரின் அடியில் முன்பிருந்தவர்கள் பூக்கன்று வைப்பதற்காக மண்ணைக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். அந்த மண்ணைச் சப்பாத்தால் ஒதுக்கிவிட்டு, குந்தியிருந்து, திருகாணி முடுக்கியைப் பலகையில் வைத்து அழுத்தினார். சத்தமேயில்லாமல் அது பிடிவரைக்கும் உள்ளே போனது.

என் கணவர் விளம்பரத் தாளை நீட்டினார். அவர் அதை வாங்கி, மரியாதைக்காக முழுவதும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது மேல சீட்டு அடிச்சா பார்க்க அழகா இருக்கும், தம்பி. ஆனா உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழி இருக்காது. உள்ளுக்குள்ளயே அழுவிக்கிட்டு இருக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"புதுசாக் கட்டுற வீடெல்லாம் எல்லாரும் அப்பிடித்தானே கட்டினம்?"

"கட்டுறாங்க. நான் செய்ய மாட்டேன்லா."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"இந்த சுவர பிரிக்கணும். அழுவின கட்டைய எடுத்துட்டு புதுசு போடணும். நடுவுல பஞ்சு வைக்கணும், மேல கறுப்பு காகிதம் சுத்தணும். ஜன்னலுக்கு மேல தண்ணி வழிஞ்சு போற தகடு இல்ல, அது வைக்கணும். இந்த மண்ண வெட்டி எடுக்கணும். அப்புறம் நல்ல பலகையா பார்த்து அடிச்சு பெயிண்ட் அடிச்சா போதும்."

"திரும்பவும் பலகையோ?"

"பலகைக்கு என்னா குறைச்சல்? நான் பலகை வீட்டுல பொறந்தவன்."

"நான் கல்வீட்டில பிறந்தனான்" என்று சொல்லிவிட்டு என் கணவர் உள்ளே போய்விட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேநீர் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தேன். வான் வண்டியில் சாய்ந்து நின்று குடித்தார். கோபித்த மாதிரித் தெரியவில்லை. தொலைபேசி எண்ணை ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எழுதித் தந்துவிட்டு, "பிள்ளையோட கட்டில மட்டும் அந்த சுவருகிட்ட போடாதீங்க, தங்கச்சி" என்றார்.

பூச்சு வேலை செய்கிற வேறு ஆட்களை என் கணவர் பிடித்தார். நிலம் காய்ந்த பிறகு, அடுத்த கோடையில் தொடங்கலாம் என்றார்கள். அந்தக் கோடையில் அவர்களுக்கு வேலை குவிந்து கிடந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, எங்கள் இரண்டாவது குளிர்காலம் வந்துவிட்டது.

அந்த மே மாதக் கடைசியில் மகளுக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் மூச்சுவிடத் தோளை உயர்த்தி உயர்த்தி இழுத்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. என் கணவர் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் பின்னேரம் அவள் கண்ணைத் திறந்து ஐஸ்கிறீம் கேட்டாள். அதைக் கேட்டுவிட்டு வெளியே போனவர் சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

"அந்த மலேசியா அண்ணையின்ர நம்பர் உம்மட்ட இருக்கோ?"

கைப்பையில்தான் வைத்திருந்தேன். நடைக்கூடத்திலிருந்த தொலைபேசியில் அவரே எடுத்துக் கதைத்தார். "நீங்கள் சொன்னபடியே செய்வம், அண்ணை. ஆனா இப்பவே தொடங்கோணும்" என்றார். மறுபக்கத்தில் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். குளிர்காலத்தில் யாரும் வீட்டுச் சுவரைப் பிரிக்க மாட்டார்கள் என்று சொல்லியிருப்பார். என் கணவர், "பிள்ளையை ஆஸ்பத்திரியில வச்சிருக்கிறம்" என்றார். பிறகு, "ஓம், ஓம்" என்றார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டார்.

மகள் வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள், திங்கட்கிழமை காலை, வான் வந்து நின்றது. வெயில் விழுகிற வடக்குப் பக்கத்து இருப்பறைக்குக் கட்டில்களை மாற்றி மூன்று பேரும் அங்கேயே படுக்கத் தொடங்கியிருந்தோம். அவளை இன்னும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நான் தையல் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்ய ஒழுங்கு பண்ணியிருந்தேன்.

அன்று முதலில் மகளின் அறைச் சுவரைப் பிரித்தார். பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன. அடியில் இருந்தவை பலகையாக வரவில்லை. ஊறிய கேக் மாதிரிக் கையோடு பிய்ந்து வந்தன. உள்ளே நிறுத்தியிருந்த சட்டங்களில் ஒன்று அவர் தொட்டதும் நடுவில் ஒடிந்தது. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று. ஒரு குளிர்காலம் முழுவதும் என் பிள்ளையை ஒரு மெல்லிய அட்டைக்கும் வெறும் காற்றுக்கும் பக்கத்தில் படுக்கவைத்து, போர்வைக்கு மேல் போர்வை போட்டிருக்கிறேன். அந்த உட்பக்க அட்டையும் ஊறிப்போயிருந்ததால் அதையும் கழற்றிவிட்டார். மூன்று மணிக்கு அறை முழுவதும் பக்கத் தெருவுக்குத் திறந்து கிடந்தது. அலுமாரிக் கதவில் நான் மாட்டிவிட்டிருந்த சேலையொன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு என் கணவரின் கார் பக்கத் தெருவால் வந்தது. வழக்கமாக வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்துபவர் தெருவிலேயே நிறுத்தினார். இறங்கவில்லை. விளக்கை அணைக்கவுமில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு நானே போய்க் கதவைத் திறந்து பக்கத்தில் இருந்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கோவன்."

"அதை மூடச் சொல்லும்."

"நாளைக்குத்தான் சட்டம் போடுவாராம்..."

"இப்ப மூடச் சொல்லும். றோட்டால போற எல்லாரும் பாக்கினம்."

தெருவில் ஒருவருமில்லை. எதிர்வீட்டுப் பூனைகூட இல்லை.

அவராகவே சொன்னார், ஒவ்வொரு வாக்கியமாக.

ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நானும் பிள்ளையும் முதலில் கொழும்புக்கு வந்துவிட்டோம். அவருக்கு யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறும் பாஸ் கிடைக்கத் தாமதமானதால் தன் அக்கா வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தார். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவர் என்னிடம் அதுவரை ஒன்றும் சொன்னதில்லை. வீட்டுக்கு முன்னால் ஷெல் விழுந்து, அக்காவின் அறைச் சுவர் அப்படியே சரிந்துபோயிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டில், கண்ணாடி, அலுமாரி எல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்தன. அக்கா கொடி கட்டி, தன் சேலைகளைப் பிரித்து அந்த இடைவெளி முழுவதும் தொங்கவிட்டிருக்கிறார். மழை வந்தால் நனையும். காற்று வந்தால் விலகும். அவர் பள்ளிக்கூடத்தால் வரும்போது அக்கா சொல்வாராம்: "தம்பி, றோட்டில நிண்டு பாக்காதை. நேர உள்ள வந்திடு."

"சுவரைக் கட்டித் தந்திட்டுத்தான் போவன் எண்டு சொன்னனான்" என்றார். "சீமெந்து ஒரு பை கிடைக்கேல்ல. ஆமி ஊருக்குள்ள ஒண்டையும் வரவே விடேல்லத்தானே. பாஸ் கிடைச்சது. நான் வெளிக்கிட்டு வந்திட்டன்."

அக்காவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான் இறங்கிப் போய்த் தச்சரிடம் மூடச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தெருவில் நின்ற காரைப் பார்த்தார், வானிலிருந்து நீலத் தார்ப்பாயை எடுத்துவந்து கட்டத் தொடங்கினார். நாலு பக்கமும் மரக்கீற்று வைத்து ஆணியடித்து முடிக்கும்வரை என் கணவர் காரைவிட்டு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, தச்சரிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. அது என் கணவருடைய கதை. "அவருக்குச் சுவர் திறந்து கிடக்கிறதைப் பாக்க ஏலாது, அண்ணை. ஊரில நடந்த ஒண்டு" என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அளவு நாடாவை எடுத்துத் தார்ப்பாய் கட்டிய இடத்தை அளந்தார்.

"தம்பி எத்தனை மணிக்கு வருவாரு?"

"நாலரைக்கு."

"சரி. அவரு வர்றதுக்குள்ள மூடிடுறேன்."

அன்று முதல் அவர் வேலை செய்த விதமே மாறிவிட்டது. பிளைவுட் பலகைகள் வாங்கிவந்து திறந்திருந்த இடம் முழுவதையும் அடைத்தார். பிறகு தினமும் காலையில் ஒரு பலகையைக் கழற்றுவார். நாலடி அகலம். அந்த நாலடிக்குள் அழுகிய சட்டத்தை வெட்டியெடுத்து, புதியதை நிறுத்தி, மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சை இடையில் செருகி, உள்ளே அட்டையும் வெளியே கறுப்புக் காகிதமும் அடித்து, திரும்ப பிளைவுட்டால் மூடுவார். நாலு மணிக்குக் கீழே விழுந்த சிராய்களையெல்லாம் கூட்டி அள்ளி வானில் போடுவார். என் கணவர் வரும்போது சுவர் சுவராக இருக்கும். எட்டு நாளில் முடியுமென்று சொன்ன வேலை மூன்று கிழமைக்கு மேல் இழுத்தது. நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இருட்டில் புறப்பட்டு, இந்தக் கோடிக்கு வந்து, நாலடி வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒருநாளும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் எங்களோடு இருந்து சாப்பிட வைப்பதற்கு நான் படாத பாடு பட்டேன். முதல் நாள் என் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வர, "என்னா காரம்லா இது!" என்றார். பிறகு பழகிவிட்டார். மகள் யன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதையெல்லாம் பார்ப்பாள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்பாள். அவர் தமிழில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை.

மூன்றாவது கிழமையில் எங்கள் படுக்கையறையின் பெரிய யன்னலின் முறை வந்தது. அதைச் சட்டத்தோடு கழற்றி, மேலே தகடு வைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஒரு மூலை இறங்க மறுத்தது. இழைத்தார், மறுபடி வைத்தார், மறுபடி இழைத்தார். நாலு மணியாகிவிட்டது. சுவரில் ஆளுயரத்துக்கு ஓட்டை. நான் பதறிப்போய்ப் புக்கெகோஹிக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கணவர் வேலை முடிந்து புறப்படுகிற நேரம்.

"வரேக்க மூலைக்கடை டெயரியில பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

"காலமைதானே பால் வாங்கினீர்?"

"முடிஞ்சுது. முட்டையும் வாங்குங்கோ. அப்பிடியே தபால் கந்தோரில முத்திரையும்."

தச்சரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தோளால் முட்டுக்கொடுத்து, யன்னலை ஏற்றி முடிக்கவும் கார் திரும்பவும் சரியாக இருந்தது. என் கணவர் உள்ளே வந்து பாலை வைக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். அங்கே இரண்டு பால் போத்தல் திறக்காமல் இருந்தன. அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேநீர் குடிக்கும்போது மகள் தானாகவே அவளுடைய ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா வருவதற்குள் அங்கிள் தினமும் ஓடி ஓடிச் சுவரை மூடிவிடுகிறார், இன்றைக்கு அம்மாவும் சேர்ந்து ஓடினாள் என்று. அது ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தாள் போலும்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனார்.

மறுநாள் காலை வான் வந்தபோது வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வளவில் நின்றார்.

"இண்டைக்கு நான் நிக்கிறன், அண்ணை. லீவு சொல்லிட்டன்."

தச்சர், "இன்னும் மூலை மட்டும்தான் பாக்கி. நானே முடிச்சிடுவேன், தம்பி" என்றார்.

"இல்லை. திறவுங்கோ."

தென்மேற்கு மூலை. வீட்டிலேயே மழை மோசமாக அடிக்கிற இடம். பலகைகளைக் கழற்றக் கழற்ற என் கணவர் வாங்கி அடுக்கினார். உள்ளே அட்டையை அவரே உடைத்தார். அறைக்குள் வெளிச்சம் வந்தபோது இரண்டடி பின்னால் நகர்ந்து, சுவரில்லாத அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றார். நான் கதவருகில் நின்று அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

பதினொரு மணிபோலக் காற்று திரும்பியது. தெற்கிலிருந்து வருகிற காற்று இங்கே எச்சரிக்கை செய்து வருவதில்லை. ஒரு நிமிடத்தில் வானம் இருண்டு மழை படுக்கையாக அடித்தது. மூலைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு பக்கக் கயிறு அறுந்து, பாய் தெருவரைக்கும் பறந்தது. புதிதாக வைத்த பஞ்செல்லாம் நனையப் போகிறது. தச்சர் வெளியே ஏணியில். பிளைவுட்டைத் தூக்கி வைத்தால் காற்று அதை உள்ளே தள்ளுகிறது. ஆணியடிக்க ஒரு கை போதவில்லை.

என் கணவர் உள்பக்கத்திலிருந்து பலகையில் முதுகை வைத்து, கால்களைத் தரையில் ஊன்றித் தள்ளினார். நானும் ஓடிப்போய்க் கீழ்மூலையைப் பிடித்தேன். இடுக்கால் வந்த மழை எங்கள் முகத்திலடித்தது. வெளியிலிருந்து தச்சரின் குரல் மட்டும் கேட்டது.

"விட்டுடாத, தம்பி! விட்டுடாத!"

"விடேல்ல! நீங்கள் அடியுங்கோ!"

ஒவ்வொரு ஆணிக்கும் பலகை அவருடைய முதுகில் அதிர்ந்தது. எத்தனை ஆணி என்று தெரியாது. சத்தம் நின்ற பிறகும் அவர் முதுகை எடுக்கவில்லை. தச்சர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, "போதும், நிக்குது" என்று தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தார்.

ஹீட்டருக்கு முன்னால் மூன்று பேரும் துவாயைப் போர்த்துக்கொண்டு இருந்தோம். என் கணவர் தானாகவே அக்காவின் சுவரைப் பற்றிச் சொன்னார். காரில் எனக்குச் சொன்னதைவிடக் கோவையாக, ஆரம்பத்திலிருந்து. தச்சர் இடைமறிக்காமல் கேட்டார்.

"சீமெண்டு கிடைக்காத ஊருல நீங்க என்னா செஞ்சிருக்க முடியும்?"

"மண்ணைக் குழைச்செண்டாலும் கட்டியிருக்கலாம், அண்ணை. எனக்கு வெளிக்கிடுற அவசரம்."

தச்சர் எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். எங்கள் குசினியில் எது எங்கே இருக்கிறதென்று அவருக்கு அந்த மூன்று கிழமையில் நன்றாகத் தெரிந்திருந்தது. என் கணவருக்குச் சீனி கூடப் போட்டுத் தேநீர் கலக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

மழை விட்டதும் மிச்சத்தை முடித்தார்கள். கடைசி நாட்களில் நீளப் பலகைகளைக் கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று படிய அடித்தார்கள். சனி ஞாயிறுகளில் என் கணவரும் கூட நின்றார். அடியில் குவிந்திருந்த மண்ணை வெட்டி எடுத்தது அவர்தான். பெயிண்டுக்குப் பால் நிறமே தெரிந்தெடுத்தார். அதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. தச்சருக்கு ஒரு குளிர் அங்கிக்குள் தடித்த கம்பளித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடமும் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் மாதம் மகள் தன் அறைக்குத் திரும்பினாள். யன்னலில் தண்ணீர் முற்றாக நின்றுவிடவில்லை, ஆனால் துணியால் ஒற்றினால் பிழிய ஒன்றும் வராது. இருமல் அந்த வருடமும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அக்கா வருடக் கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் கணவரும் கேட்டு எழுதவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் மேற்குச் சுவரைப் பிரித்தோம். என் கணவர் இரண்டு நாள் லீவு எடுத்திருந்தார். முதல் நாள் காலையிலிருந்து பலகை கழற்றினார். பின்னேரம் சுவர் முழுவதும் திறந்தபோது முகம் வெளிறிப்போய்க் கை கழுவப் போனார். இரண்டாம் நாள், வேலைத்தலத்தில் ஆள் குறைவாம், கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் கூப்பிடவில்லை என்பது எனக்கும் தெரியும், தச்சருக்கும் தெரியும்.

ஆனால் அன்று வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முன்னதாகவே திரும்பி வந்தார். பஞ்சு வைத்து முடிந்திருந்தது, கறுப்புக் காகிதம் இன்னும் அடிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, மேற்குப் பக்கத்துப் புல்வெளியில் போய் நின்றார். அவள் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். இது சட்டம், இது பஞ்சு, இதால தண்ணி வந்தா இஞ்சால வழிஞ்சு போகும், உள்ளுக்குப் போகாது என்று. குசினி யன்னலால் எனக்கு அவர்களுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.